வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு உங்கள் வாய்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன், தையற்காரன், பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் தையல் மெஷினும் என்னுடைய இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லும் சுகமாக இருக்கிறோம். அதுபோல அங்கு நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பல்லின் சுகத்தையும் சேர்த்து விசாரித்திருப்பேன். விசாரிக்க ஒன்றுகூட மிச்சமில்லை என்பதால் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் வாயைக் கொண்டுவந்து ஒப்படைப்பதாக ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். எப்படிக் கொடுக்கும்படி ஆயிற்று என்று முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எனக்கு எட்டு மாதமாகப் பல்வலி என்பது உங்களுக்குத் தெரியாது. அக்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுருக்கென்றது, பிறகு சூடு பட்டால், பிறகு காற்று பட்டால், கடைசியில் மெஷின் பெடலை மிதிக்கும்போதே ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தெறிப்பு. பள்ளிக்கூட டிராயர் நாற்பது தைத்துக்கொண்டிருந்த வாரம் அது. நாற்பதில் ஆறுக்குப் பாக்கெட்டை வெளிப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் வைத்தாள், ஐஸ் வைத்தாள், கடைசியில் கெடு வைத்தாள். டாக்டரிடம் போகாவிட்டால் இனி என்னோடு பேசப்போவதில்லை என்றாள். பல்வலிக்காரனுக்கு அது ஒரு தண்டனையா என்று யோசித்தேன், வெளியே சொல்லவில்லை.

போனேன். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. முகப்பில் இருந்த பெண் அவ்வளவு இனிமையாகச் சிரித்து, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். கம்பெனியில் தைத்த காலத்தில் இருந்தது, இப்போது நானே முதலாளி நானே தொழிலாளி, இரண்டு பேருக்கும் இல்லை என்றேன். சிரிப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் பாதியாக மடித்து வைத்துவிட்டாள். உள்ளே டாக்டர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். என் பல்லை டி.வி.யில் பெரிசாகக் காட்டினார். அவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடியில்கூட வாங்கியிருக்க மாட்டேன். பிறகு பளபளப்பான தாளில் செலவை எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு மோட்டார் வைத்த புது மெஷின் ஒன்று வாங்கலாம், ஓரம் அடிக்கிற ஓவர்லாக்கோடு. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். முப்பது வருஷமாக என் கடையில் விலை கேட்டவர்கள் எல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போன அதே வார்த்தை. அவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை, நானும் போகவில்லை.

அப்புறம் டயர் கடைக்கு மாடியில் இன்னொருவர். அங்கே மீன் தொட்டி இல்லை, இன்சூரன்ஸ் பேச்சும் இல்லை, அதனால் மனசுக்குப் பிடித்துப்போனது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பல் ஆடுகிறவருக்கும் பஞ்சு, கூசுகிறவருக்கும் பஞ்சு, சும்மா துணைக்கு வந்த ஒருவருக்கும் பஞ்சு. பக்கத்தில் இருந்தவரை விசாரித்தேன். இவர் எதையும் காப்பாற்ற மாட்டார், எடுத்துவிடுவார், இரண்டாக எடுத்தால் இரண்டாவதற்குப் பாதி விலை என்றார். உங்கள் ஞாபகம்தான் வந்தது அத்தான். உங்களுக்கும் இப்படித்தானே ஒன்று ஒன்றாகப் போனது? தீயணைப்பு வண்டியில் இருபத்தெட்டு வருஷம் ஓடினீர்கள், அவர்கள் கொடுத்த இன்சூரன்ஸில் கண் உண்டு, காது உண்டு, முட்டி உண்டு, பல் மட்டும் உடம்பில் சேர்த்தி இல்லையாம். எடுப்பதற்குக் காசு இருந்தது, வைப்பதற்கு இல்லை. என் பெயரைக் கூப்பிட்டதும், வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன், தள்ளிவைத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன். நான் வந்தது பஸ்ஸில்.

மூன்றாம் நாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள், உங்கள் சின்னவள் வயசு. வெள்ளைக் கோட்டில் பாக்கெட் கிழிந்துவிட்டது, உடனே வேண்டும் என்றாள். பாதிக் கோட்டில் இருக்கும்போது என் வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், வாயத் திறங்க" என்றாள். கஸ்டமர் கேட்டால் மறுக்க முடியுமா, திறந்தேன். ட்ரையல் ரூமுக்குள் என்னை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, போன் வெளிச்சத்தில் இரண்டு நிமிஷம் பார்த்தாள். வெளியே பேண்ட் போட்டுப்பார்க்கக் காத்திருந்த ஒருவர் என்ன நினைத்தாரோ, பேண்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் பல்லைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷமாம். பாஸாக இத்தனை பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து காட்ட வேண்டுமாம், அந்த ரூட் கெனால் கணக்கில் அவளுக்கு ஒரு பல் குறைகிறதாம். மருந்துக்கும் எக்ஸ்ரேக்கும் மட்டும் ஏதோ கொஞ்சம், மற்றபடி இலவசம், ஆனால் நேரமாகும், பெரிய டாக்டர் ஒவ்வொரு படியையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்குப் பாதி டாக்டர் என்று பெயர்.

கல்லூரி என்றால் பெரிய கூடம், முப்பது நாற்காலி, முப்பது வாய். சீட்டு எழுதுகிறவரிடம் இன்சூரன்ஸ் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அத்தான், அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

நிம்மதியை நானே கெடுத்துக்கொண்டேன். பாதி டாக்டர் ஒரு சின்னக் கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டி, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டாள். என் கடைக்குப் பாக்கெட் தைக்க வந்த குழந்தை, முகத்தில் வியர்வை, எதிரே நிற்கிற பெரிய டாக்டரைப் பார்த்துப் பயம். அவளிடம் போய் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? "பரவாயில்லம்மா" என்றேன். அடுத்த பல், பரவாயில்லம்மா. கடைவாய்ப் பல்லில் தட்டினாள், எனக்கு உச்சந்தலை வரைக்கும் போய் வந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது, பரவாயில்லம்மா. அவளும் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள். பெரிய டாக்டர் படித்துப் பார்த்து, எந்தப் பல்லிலும் வலி இல்லாத ஆளை எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தாய், வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் என் பக்கத்தில் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கம்பியைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், ட்ரையல் பாக்கும்போது டைட்டா இருக்கான்னு கஸ்டமரக் கேப்பீங்கல்ல? அவங்க பரவாயில்லன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

எனக்குச் சுரீர் என்றது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அக்குள் பிடிக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்கிறவர்களை நான் எத்தனை திட்டியிருப்பேன். இன்னொரு தடவை தட்டும்மா என்றேன். தட்டினாள். நான் போட்ட சத்தத்தில் முப்பது நாற்காலியும் திரும்பிப் பார்த்தது, யாரோ ஒருவர் தட்டைக் கீழே போட்டார், பெரிய டாக்டர் ஓடியே வந்துவிட்டார். "இப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நான்கு தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம். வாய்மேல் ஒரு ரப்பர் துணியை இழுத்துக் கட்டிவிடுவார்கள், பல் மட்டும் அதில் எட்டிப் பார்க்கும். பேச முடியாது. முப்பது வருஷத்தில் நான் மூன்று மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யாமல், பேசாமல், படுத்துக் கிடந்ததே அங்கேதான். அவள் ஹாஸ்டல் கதை, பரீட்சைக் கதை எல்லாம் சொல்லுவாள், நான் புருவத்தால் பதில் சொல்லுவேன். இரண்டு தடவை தூங்கியே போனேன். இப்போது இடது பக்கம் மெல்லுகிறேன் அத்தான். எட்டு மாதம் கழித்து மெல்லுகிறேன். முதல் நாள் ரொட்டியின் காய்ந்த ஓரத்தைத் தேடி எடுத்து மென்றேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து நான் மெல்லுவதையே வேடிக்கை பார்த்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நாள் பாதி டாக்டர் முகம் தொங்கிக் கிடந்தது. பல்செட் பரீட்சைக்கு ஒரு பல்கூட இல்லாத ஆள் வேண்டும், அவள் பிடித்து வைத்திருந்த பெரியவர் மகன் வீட்டோடு போய்விட்டார், வியாழக்கிழமைக்குள் இன்னொருவர் கிடைக்காவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றாள். என் வாயில் பஞ்சு. கையை ஆட்டினேன், காலை ஆட்டினேன், வலிக்கிறது என்று நினைத்து அவள் மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். பஞ்சைத் துப்பிவிட்டு, "எங்க அத்தான் இருக்கார்மா. ஒண்ணுகூடக் கிடையாது. நான் கேரண்டி" என்றேன். என்னவோ நீங்கள் கலெக்டர் என்பதுபோலத்தான் சொன்னேன். பக்கத்து நாற்காலிப் பிள்ளைகள் பொறாமையோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் உங்களுக்குக் கீழ்த்தாடை எலும்பு நன்றாக இருக்குமா என்று விசாரித்தான். தீயணைப்பில் இருந்தவர், எலும்புக்கு என்ன குறை என்றேன்.

பயப்பட ஒன்றுமில்லை அத்தான். எல்லாம் நம்ம தொழில் மாதிரியேதான் செய்கிறார்கள். முதலில் அளவு, பிறகு மெழுகில் பண்ணி ட்ரையல், இடித்தால் இழைத்துத் தருவார்கள், கடைசியில் டெலிவரி. சொன்ன தேதியில் தருவார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். செலவுக்கும் கவலை வேண்டாம், சாமான் விலைதான், இன்சூரன்ஸ் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினவர் நீங்கள். உதவி என்று ஒருவர் கேட்டு நீங்கள் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் வீணாகாமல் காப்பாற்ற உங்களால்தான் முடியும். இரண்டு மணி நேரம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். சின்னவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் எங்கள் ஆசி. உங்கள் உடம்பையும், தாடையையும் வியாழக்கிழமை வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு, உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட, ஆனால் இந்த ஒரு தடவை உங்களையும் சேர்த்துக் கட்டிவிட்ட,
மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பாதி டாக்டர் கடைக்கு ஓடி வந்தாள். அவள் ஹாஸ்டல் வாட்ச்மேனுக்கு மேலேயும் கீழேயும் ஒரு பல்லும் இல்லையாம், இத்தனை வருஷம் வாயைத் திறக்காமலே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். பரீட்சைக்கு அவரே வருகிறார். அதனால் மேலே எழுதினதில் முக்கியமானது எதுவும் இப்போது செல்லாது. பின்குறிப்பு எழுதாதீங்க, அண்ணன் வந்து இறங்கினப்புறம் தெரிஞ்சா போதும் என்றாள் என் மனைவி. எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களைப் பொய் சொல்லி வரவழைக்கக் கை வரவில்லை. உங்கள் பெயரில் போட்ட நேரத்தை ரத்து பண்ணிவிடட்டுமா என்று பாதி டாக்டர் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், பரீட்சை இல்லாமல் கை நடுங்காமல் ஒரு செட் செய்து பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது அங்கிள், மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அவளே சொன்னாள். ஆக, நீங்கள் வந்தால் இப்போது யாருக்கும் ஒரு உதவியும் இல்லை. யாருடைய ஆறு மாதமும் மிச்சமாகாது. உங்களுக்காக மட்டும்தான் வர வேண்டும், அது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. சரி, அக்காவுக்காக என்று எழுதலாமா என்று அவளிடமே போனில் கேட்டேன். ஆறு வருஷமாக, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நீங்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களாம், சிரிப்பு வந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறீர்களாம். "எனக்காகன்னு எழுதாதடா. எனக்காக அவர் எல்லாம் செஞ்சாச்சு. அவருக்காக ஒரு தடவை வரச் சொல்லு" என்றாள் அக்கா. எழுதிவிட்டேன் அத்தான். வியாழக்கிழமை, ஒன்பது இல்லை, இரண்டு மணி. ஒன்றரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.