கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பச்சை அங்கியின் கடைசி முடிச்சைப் போட்டு, கையுறையை இழுத்துவிட்டுக் கதவைத் தள்ளப் போனபோது, கண்டக்டரின் சட்டைப் பையில் போன் அடித்தது. பழக்கதோஷம். கை அங்கியின் கழுத்து வழியாக உள்ளே போய்விட்டது.

"போச்சு!" என்றாள் நர்ஸ். "எல்லாத்தையும் கழட்டுங்க."

"போனைத்தானேம்மா தொட்டேன்?"

"ஐயா, உள்ள இருக்கிற கிருமி எந்த மருந்துக்கும் மசியாது. ஆனா அதுக்குக் காலும் இல்ல, றெக்கையும் இல்ல. நம்ம கைதான் அதுக்கு பஸ். வெளி அழுக்கு உள்ள போகக்கூடாது, உள்ள இருக்கிறது வெளிய வரக்கூடாது."

டிக்கெட் இல்லாத பயணியை முப்பது வருஷம் இறக்கிவிட்டவருக்கு அது உடனே புரிந்தது.

கழற்றவும் வரிசை உண்டு. முதலில் கையுறை. பிறகு அங்கி, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி. கை கழுவிவிட்டு, கடைசியில் முகக்கவசம். கயிற்றை மட்டும் தொடலாம். மறுபடி கை கழுவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் போன் ஓய்ந்திருந்தது.

மூக்குக்கண்ணாடி பையில் இருந்தது. முகக்கவசம் போட்டால் அதில் ஆவி படியும். அது இல்லாமல் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மனைவி ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். பன்னிரண்டு நாளாக தினம் அரை மணி நேரம் உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் அதற்கான காத்திருப்பு.

போனைக் கால்சட்டைப் பைக்கு மாற்றினார். புது அங்கி, புதுக் கையுறை. கதவருகே போனதும் அடித்தது. அங்கியைத் தூக்கித் துழாவியதில் முடிச்சே அவிழ்ந்துவிட்டது.

"ஐயா!"

"பையன் வெளியூர்ல இருக்கான்மா. அம்மாவுக்கு என்னவோன்னு பதறிடுவான்."

"அப்ப அதை மேசையில வைங்க. சத்தம் வேணாம், அதிரட்டும்."

வைத்தார். மூன்றாவது அங்கியைக் கட்டி முடித்ததும் போன் அதிர்ந்து அதிர்ந்து, விளிம்புவரை நகர்ந்து, விழுந்தது. ஓடுகிற பஸ்ஸில் சில்லறையைப் பிடித்த கை அதையும் பாய்ந்து பிடித்தது.

"நல்ல கேட்ச்," என்றாள் நர்ஸ் வருத்தத்தோடு. "கழட்டுங்க."

கழற்றி முடிக்கும்போது மணி நாலரை. பார்வை நேரம் முடிந்தது. கண்டக்டர் ஈரக் கையோடு கண்ணாடிச் சுவரையே பார்த்தபடி நின்றார். வெள்ளைத் திட்டு அசைந்தது போலிருந்தது.

"நாளைக்கு அந்த போனை வீட்லயே விட்டுட்டு வாங்க, ஐயா."

"அதைத் தூக்கி அடுப்புல போடறேன்."

உள்ளே துடைத்துவிட்டு வந்த துப்புரவு அக்கா, முழங்கைவரை சோப்பு போட்டபடி திரும்பினாள். "ஐயய்யோ, போன் கண்டிப்பா வேணுமாம். நீங்க உள்ள வந்தா வெறும் கண்ணு மட்டும்தான் தெரியுதாம். இங்க நின்னு கழட்டுறப்பத்தான் முழு முகமும் தெரியுதுன்னு, உள்ள படுத்திருக்கிற அம்மாதான் தன் போன்லேர்ந்து மூணு தடவையும் அடிச்சாங்க."