நிமிஷக்காரர் கையுறை வாங்கிய கதை

மேசைமேல் கிடந்த திருகாணி கடுகில் பாதிதான் இருக்கும். அதை எடுக்க இறங்கிய விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழத் தடிமன்.

"கிடைச்சுதா?" என்று கதவருகே நின்று மனைவி கேட்டாள்.

"கிடைச்சுது."

"எங்க, காட்டுங்க."

"கிடைச்சுது. அப்புறம் போயிடுச்சு."

கறுப்புத் தோல் கையுறையைக் கழற்றாமலே அவர் நாற்காலிக்கு அடியில் மண்டிபோட்டுத் தேட ஆரம்பித்தார்.

முப்பது வருஷமாகக் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட "ஒரு நிமிஷம், யோசிச்சு சொல்றேன்" என்கிற மனுஷனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? நிமிஷக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

"நாம பனியில சறுக்கப் போறோம். அங்க எதுக்குங்க ஸ்க்ரூ?"

"விரல் அசையுதான்னு தெரிய வேண்டாமா?" என்று நாற்காலிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அசையுதா?"

"ஒரு நிமிஷம்."

அன்றைக்குத் திங்கள்கிழமை. சனிக்கிழமை காலையில் பஸ். அந்தப் பஸ்ஸில் இவர் ஏறுவாரா மாட்டாரா என்பதுதான் அந்த வீட்டில் இருந்த ஒரே கேள்வி.

ஏனென்றால் இதுவரை மூன்று பயணங்கள் இவரால் நின்றுபோயிருந்தன. கடலுக்குக் கிளம்பியபோது அலையைப் பற்றி யோசித்தார். ஏரிக்குக் கிளம்பியபோது படகைப் பற்றி யோசித்தார். மூன்றாவது தடவை யோசிக்க ஒன்றுமே அகப்படவில்லை. பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, "பின்கதவைப் பூட்டினோமா?" என்று இறங்கினார். கதவு பூட்டித்தான் இருந்தது. பஸ்தான் போய்விட்டது.

மனைவியின் அலமாரிக் கதவில், உள்பக்கமாக, ஒரு பழைய காலண்டர் படம் ஒட்டியிருக்கும். வெள்ளை மலை, வெள்ளைச் சரிவு, ஓரத்தில் யாரோ ஒருத்தரின் சிவப்புக் குல்லா. துணி எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவை மூடுவாள். கல்யாணமான வருஷத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா நான் தனியா போயிட்டு வந்துடுவேன்," என்று போன மாதம் சொன்னாள். "ஆனா திரும்பி வந்து பனி எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அது நெஞ்சுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அவருக்கும் போக ஆசைதான். பயமெல்லாம் விரலைப் பற்றியது. சறுக்கினால் விழ வேண்டும், விழுந்தால் கையை ஊன்ற வேண்டும், ஊன்றினால் விரல் முறியும், முறிந்தால் இந்த மேசை, இந்தத் தொழில், எல்லாம் போச்சு. கண்ணை மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளே ஒரு வழி சொன்னாள். "டிக்கெட், ரூம், பெட்டி எல்லாம் நான் பாத்துக்கறேன். கிளவுஸ் மட்டும் உங்க பொறுப்பு. விரலோட அருமை உங்களை விட யாருக்குத் தெரியும்? முதல்ல உங்களுக்கு ஒண்ணு முடிவு பண்ணுங்க, அதே மாதிரி எனக்கும் எடுத்துக்கலாம்."

முதல் ஜோடிதான் இந்தத் தோல் கையுறை. திருகாணி கடைசியில் மனைவியின் செருப்புக்கடியில் அகப்பட்டது.

"அழகாத்தான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா மூக்கு ஒழுகினா கைக்குட்டையை எப்படி எடுப்பீங்க?"

அவர் உடனே செய்து காட்டினார். கை பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வரமாட்டேன் என்றது. அன்று சாயங்காலம் வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடமும் ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேதான் பேசினார். நிமிஷக்காரருக்கு என்ன திடீரென்று இவ்வளவு தோரணை என்று அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கடைக்குப் போனார். கடைத்தெருவில் மூன்றாம் மாடி. குளிர்ப் பிரதேசத்துத் துணிமணி மட்டும் விற்கிற கடை. அங்கே ஒரு கடைப்பெண். முந்தின நாள் அளவுகூட எடுக்காமல் சரியான அளவை எடுத்துக் கொடுத்தவள்.

"எப்படிம்மா அளவு தெரிஞ்சுது?" என்று அப்போதே கேட்டிருந்தார்.

"பாத்தாலே தெரியும் சார்."

இப்போது திருப்பிக் கொடுக்க வந்ததற்கும் முகம் சுளிக்கவில்லை. "பரவால்ல சார், எத்தனை தடவை வேணாலும் மாத்திக்கலாம். போட்டுட்டு குளிர் ரூமுக்குள்ள போய்ப் பாக்கறீங்களா? அஞ்சு நிமிஷம்தான்."

கடையின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. வாங்குகிறவர்கள் சட்டையையும் குல்லாவையும் போட்டுப் பார்ப்பதற்கு. மேலே ஒரு விசிறி மெதுவாகச் சுற்றிப் பனித்தூளை இறக்கிக்கொண்டே இருக்கும். நிமிஷக்காரர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. கடைத்தெருவின் இரைச்சல் அத்தனையும் அறுந்துபோனது.

ஒரு துகள் வந்து அவர் சட்டைக் கையில் உட்கார்ந்தது.

பழக்கதோஷம், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். ஆறு முனை. ஒவ்வொரு முனையிலும் பல் வெட்டியிருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பல் வெட்டின சக்கரத்தை அவர் எந்தக் கடிகாரத்திலும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்து ஒரு துளி ஈரமானது. "அடடா," என்றார் வாய்விட்டு. அடுத்தது வந்து உட்கார்ந்தது.

ஐந்து நிமிஷம் கழித்துக் கடைப்பெண் கதவைத் தட்டியபோது அவர் சொன்னது, "ஒரு நிமிஷம்."

இரண்டாவது ஜோடி மெல்லியது. ஐந்து விரலும் தாராளமாக அசைந்தன, திருகாணிகூட எடுத்துவிட்டார்.

"நல்லாருக்கு," என்றாள் மனைவி. "நனைஞ்சா?"

ஃப்ரீசரில் படிந்திருந்த பனியைச் சுரண்டி, உருண்டை பிடித்து, கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் கையுறை நனைந்தது, மடி நனைந்தது, சோபா நனைந்தது. மனைவி துடைப்பத்தையும் தரை துடைக்கும் கம்பையும் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாவது ஜோடியில் விரலே இல்லை. கட்டைவிரலுக்கு மட்டும் தனிக்குடித்தனம், மிச்ச நாலும் கூட்டுக்குடும்பம். கதகதப்பு என்றால் அப்படி ஒரு கதகதப்பு.

"இதைப் போட்டுட்டுக் கம்பை எப்படிப் பிடிப்பீங்க?" என்றாள் மனைவி.

சறுக்கும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு கையிலும் கம்பு வேண்டுமே! ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் தரை துடைக்கும் கம்பு. முழங்காலை மடக்கி, கண்ணை மூடி, முன்னறையின் வழவழ தரையில் சாக்ஸ் காலோடு சறுக்கிப் பார்த்தார். நன்றாகவே சறுக்கியது. கண்ணைத் திறந்தபோது எதிரில் டீச்சரம்மா நின்றார், பழுதுபார்க்கக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை வாங்கிப் போக வந்தவர்.

"நிமிஷக்காரரே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"சறுக்கறேன் டீச்சர்."

"அது தெரியுது. என் கடிகாரம்?"

கையுறையைக் கழற்றலாம் என்றால் மணிக்கட்டுப் பட்டையைப் பிரிக்க விரல் வேண்டும். விரலெல்லாம் உள்ளே. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் அப்படியே கடிகாரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து டீச்சரம்மாவின் கையில் இறக்கினார். டீச்சரம்மா போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இப்படியாக வியாழக்கிழமை வந்தது. விரல் முறிகிற 'டக்' சத்தம் கேட்டு மூன்று நாளாகிவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. கையுறை நினைப்பே பெரும்பாடாக இருக்கும்போது மற்றதை யார் நினைப்பது? நடுவில் அவர் பெட்டியைக் குடைந்து பார்த்ததும், பக்கவாட்டு ஜிப்பில் கை வைத்ததும் மனைவி பட்டென்று கையைத் தட்டிவிட்டதும்கூட மனதில் தங்கவில்லை.

"அதுல என் சாமான் இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அன்று மத்தியானம் மேசையிலேயே தலை சாய்ந்துவிட்டது. கனவில் முன்னறைக்குள் பனி பெய்தது. சுவரில் இருந்த பதினேழு கடிகாரமும் சத்தமில்லாமல் ஓடின. முள்ளின்மேலெல்லாம் வெள்ளை. கதவு இருந்த இடத்தில் சரிவு. அதன் விளிம்பில் சிவப்புக் குல்லாவோடு மனைவி நின்று கையை நீட்டினாள். இவரும் நீட்டினார். பிடித்தும் விட்டார். ஆனால் கையுறைக்குள் ஒன்றுமே தெரியவில்லை, ஏதோ தலையணையைப் பிடித்த மாதிரி. அவள் சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனாள். பிடித்திருந்த கை எப்போது நழுவியது என்றே தெரியவில்லை.

விழித்தபோது கண் ஓரம் ஈரமாக இருந்தது. நேராகக் கடைக்குப் போனார்.

"ஸ்க்ரூவும் வேண்டாம், கைக்குட்டையும் வேண்டாம்," என்றார் கடைப்பெண்ணிடம். "ஒண்ணே ஒண்ணும்மா. அவ கையைப் பிடிச்சா அது அவ கைதான்னு எனக்குத் தெரியணும். அப்படி ஏதாவது இருக்கா?"

அவள் வேறெங்கோ பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சாம்பல் நிற ஜோடியை எடுத்து வந்தாள். உள்ளே மென்மை, வெளியே தண்ணீர் ஒட்டாத துணி. அவரே ஒரு கையால் மறுகையைப் பிடித்துப் பார்த்தார். ரேகைகூடத் தெரியும் போலிருந்தது.

"இதை ஏம்மா முதல்லயே காட்டலை?"

"குளிர் ரூமுக்குப் போய்ப் பாக்கறீங்களா சார்?" என்று அவள் அவசரமாகக் கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு ஜோடி வாங்கி வந்தார். மனைவி போட்டுப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்தாள். நீட்டி மடக்கினாள். வெகுநேரம் எந்தக் கேள்வியும் வரவில்லை. நிமிஷக்காரருக்கு மனசு குளிர்ந்துபோனது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் கடைசியில். "உறைபனியில விறைச்சுப் போகாதே?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு ஜோடியையும் ஃப்ரீசரில் வைத்தார். காலையில் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று.

சனிக்கிழமை காலை வழக்கமான அமர்க்களம். பின்கதவைப் பூட்டியாகிவிட்டதா என்று மூன்று தடவை பார்த்தார். கடைசியாக மனைவி சமையலறைக்குள் போய் ஃப்ரீசரைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள்.

"எல்லாம் சரியா இருக்கு. வாங்க," என்றாள்.

பஸ் நிலையத்தில் படிக்கட்டில் அவர் ஒரு காலை வைத்தார். மனைவி மூச்சு விடாமல் பின்னால் நின்றாள். அவர் நினைப்பு முழுக்கப் பனித்தூள் இறங்கிக்கொண்டிருந்தது. நிஜமான சரிவில் அது எவ்வளவு பெரிதாக விழும், பூதக்கண்ணாடி போதுமா என்று யோசித்தபடியே இரண்டாவது காலையும் வைத்துவிட்டார்.

ஊர் பின்னால் போனது. வயல் போனது. மலைகள் நீலமாகத் தெரிய ஆரம்பித்தன. மனைவி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, காலண்டர் படத்தைப் பார்க்கிற அதே பார்வையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நிமிஷக்காரர் மடியில் கிடந்த தன் வெறும் கைகளைப் பார்த்தார்.

"ஐயோ!"

"என்னங்க?"

"கிளவுஸ்! ஃப்ரீசர்லயே விட்டுட்டேன்!"

"சரி விடுங்க, அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"எப்படி விடறது? இத்தனை வருஷம் காத்திருந்தே. உன் முதல் பனியை நானே கெடுத்துட்டேனே!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கித் திரும்பிப் போகலாம் என்று ஒரு வார்த்தைகூட அவர் வாயில் வரவில்லை. மனைவி சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்றே அவர் நினைத்தார்.

போனை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடைதானே? நான்தாம்மா, நிமிஷக்காரர். ஒரு தப்பு நடந்துபோச்சு. மலைப்பக்கம் உங்களுக்குக் கிளை ஏதாவது இருக்கா? அதே சாம்பல் கலர் கிளவுஸ், ரெண்டு ஜோடி வேணும்."

மறுமுனையில் கடைப்பெண் கேட்டாள், "சார், பஸ் கிளம்பிடுச்சா?"

"கிளம்பி ஒரு மணி நேரமாச்சு. ஏம்மா?"

"அப்பாடா! அப்ப பெட்டியோட பக்கவாட்டு ஜிப்பைத் திறங்க சார், அதே சாம்பல் கலர்ல ரெண்டு ஜோடி இருக்கும், உங்க வீட்டம்மா போன மாசமே வாங்கிட்டாங்க. பஸ் கிளம்பற வரைக்கும் உங்களுக்கு கிளவுஸ் மட்டும் அமைஞ்சுடக் கூடாது, அமைஞ்சுட்டா வேற எதையாவது யோசிக்க ஆரம்பிச்சுடுவீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்தாங்க!"