மஞ்சள் ஓடிய வேப்பமரம்

புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டவன் கையில் ரம்பத்தைக் கொடுக்கவே கூடாது. என்னை வைத்தேதான் சொல்கிறேன். மூன்று வாரம் மரக் கடைசல் பழகி, சின்னதாக ஒரு கடைசல் மிஷினும் வாங்கிய பிறகு, கட்டில், நாற்காலி எல்லாமே எனக்குப் பூச்சாடியாகத் தெரிந்தன. (பூரிக்கட்டையை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.)

அப்போதுதான் கீழக்குயில்குடியில் மாமனார் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி எட்டு மாதம். நான் உருப்படியான ஆள்தானா என்று அவர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கையால் கடைந்த ஒரு பூச்சாடியைக் கொடுத்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

"பழைய மரமெல்லாம் பின்னாடி கெடக்கு. வேணுங்கிறத எடுத்துக்கங்க மாப்ள" என்றார் அவரும்.

பின்னால் கிடந்தவை கரையான் தின்ற சட்டங்கள். ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு நீளமான வேப்பங்கட்டைகள் மட்டும் கல்லு மாதிரி இருந்தன. எனக்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் என்று நெகிழ்ந்து போனேன். ஒன்றில் ஓர் அடி மட்டும் அறுத்துக்கொண்டு, தார்ப்பாயை மறுபடி ஒழுங்காக மூடிவிட்டு வந்தேன். (அம்புட்டு நாகரிகம்.)

புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்கும் நாளில் பூச்சாடியோடு போய் இறங்கினேன். பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, ஆசாரி சட்டங்களைப் பூட்டி நிலையைத் தூக்கி நிறுத்தினார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஆசாரி டேப்பை வைத்து அளந்தார். திரும்ப அளந்தார். டேப்பையே ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"ஒரு கால் ஒரு அடி கம்மியா இருக்குண்ணே."

"போன மாசம் நீதானப்பா அளந்த?"

"அப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. மரம் சுருங்கும்தான், அதுக்காக இம்புட்டா?"

கரையான் வேலை என்றார் ஒரு சித்தப்பா. கரையான் இவ்வளவு நேராக அறுக்காது என்றார் இன்னொருவர். தரையில் கோளாறோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. (வாடகை வீடுகளில் வளர்ந்தவன். வாசலில் நின்றால்தான் எனக்கு நிலை. படுத்துக்கிடந்தால் வெறும் கட்டை.)

எல்லோர் முகமும் வாடியிருந்ததால், ஆறுதலாக இருக்கட்டும் என்று பூச்சாடியை எடுத்து மாமனாரிடம் நீட்டினேன்.

"உங்க வீட்டு மரம்தான் மாமா. மஞ்சள் எப்படி ஓடியிருக்கு பாருங்க. வேம்புல இப்படி அமையிறது அபூர்வம். அதான் அந்த இடத்த மட்டும் கடையாம விட்டுட்டேன்."

அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வெள்ளிக்கிழமை தவறாமப் பூசுன மஞ்சள்ல?"

(குங்குமப் பொட்டும் இருந்தது. அதைக் கணு என்று நினைத்திருந்தேன்.)

பழைய வீட்டில் இந்த நிலையை வைத்த பிறகுதான் குடும்பம் தலையெடுத்தது என்று நம்பி, அதையே புது வீட்டுக்கும் வைக்க எடுத்து வைத்திருக்கிறார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் பூச்சாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆசாரி பக்கம் திரும்பினார்.

"இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு?"

"பத்து நிமிசம்ணே."

"அந்தக் காலையும் ஒரு அடி அறுத்துரு."

நல்ல நேரத்துக்குள் நிலை நேராக நின்றுவிட்டது. பூச்சாடியும் நிலையில் ஒரு பாகம்தான் என்று அத்தை வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறார். ஒரு பூவைக்கூட யாரும் அதில் செருக முடியாது.

வாசல் உயரம் ஐந்தரை அடி. மாமனார் ஆறடி. சொந்த வீட்டுக்குள் தினமும் குனிந்துதான் போய்வருகிறார். வருகிறவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "என்னண்ணே, வாசல் இம்புட்டுத் தணிவா இருக்கு?" என்று கேட்டால், என்னைக் கைகாட்டிவிட்டுச் சொல்வார்:

"எங்க மாப்ளைக்கு மரியாதை கொறையக் கூடாதுல்ல? குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டு உள்ள வாங்க."