என் கல்லும் இருபத்தெட்டுப் பெட்டிகளும்

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். காலை எட்டரைக்கே சபதத்துக்கு ஆபத்து வந்தது, மச்சினன் ரூபத்தில். எங்கள் வீட்டு மாடிக்கே குடிவருகிறான். இருபத்தெட்டு அட்டைப்பெட்டிகளை என் வாசலில் இறக்கிவிட்டு, "மாமா, மேல ஏத்திடுங்க, மீதியை எடுத்துட்டு வந்துடறேன்" என்று வேனோடு பறந்துவிட்டான்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அவளுடைய புத்தகத்திலேயே எனக்கொரு நோய் தேடினேன். கிடைத்தது: சிறுநீரகக் கல். வெளியே தெரியாது. வீங்காது. கத்தினால் போதும்.

கத்தினேன்.

"என்னங்க ஆச்சு?"

"கல்லு! சிறுநீரகத்துல கல்லு!"

"கல்லானாலும் கணவன்னு கேள்விப்பட்டிருக்கேன். கணவனுக்குள்ளயே கல்லா? எங்க வலிக்குது?"

இடது விலாவுக்குக் கீழே, முன்பக்கம் கையை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து டியூஷனுக்கு ஆறு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் எட்டாம் வகுப்பு. அறுக்கப்போகிற தவளையைப் பார்ப்பதுபோல் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"சார் கை வெச்சிருக்கற இடத்துல என்ன இருக்கு, சொல்லுங்க?" என்றாள் மனைவி.

"மண்ணீரல், மிஸ்!" ஆறு தொண்டையும் ஒரே குரலில்.

"சிறுநீரகம் முதுகுப் பக்கம், மிஸ்," என்றாள் கண்ணாடி போட்டவள்.

"அங்கதாம்மா ஆரம்பிச்சுது," என்றேன். "வலி இப்பத்தான் முன்பக்கம் குடிவந்துச்சு."

மனைவி கோபப்படவில்லை. கண்ணாடிக்காரியை என் நாடியைப் பிடிக்கச் சொன்னாள்.

"எண்பது, மிஸ்."

"ரொம்ப வலிக்குதாங்க?"

"உயிர் போகுது!"

"நூத்திப் பத்து, மிஸ்! பொய் சொன்னா ஏறுமா?"

"பயந்தா ஏறும். அட்ரினலின்னு ஒண்ணு சுரக்கும். எழுதிக்கோங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவைக் கூப்பிடவா? இடுப்புல பெரிய ஊசியாப் போடுவாங்க. இல்ல, நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கறீங்களா? கல்லு தானா எறங்குதான்னு பார்ப்போம்."

ஊசி என்றால் எனக்குப் பெயரைக் கேட்டாலே மயக்கம்.

"மாடி!" என்றேன்.

"வெறுங்கையோட ஏறினா இதயம் எங்க வேலை செய்யும்? கையில எதையாவது எடுத்துக்கோங்க."

வாசலில் எடுத்துக்கொள்ள வேறென்ன இருந்தது?

முதல் பெட்டிக்கு நாடி நூற்றிருபது. ஐந்தாவதுக்கு நூற்று நாற்பது. படிக்கு ஒருத்தியாக நின்று எழுதினார்கள். "மூச்சு வாங்கறது ஏன்?" என்று மனைவி கேட்க, "தசைக்கு ஆக்சிஜன் பத்தலை, மிஸ்!" என்று என் தலைக்கு மேலே பதில் பறந்தது. பன்னிரண்டாவது பெட்டியில் வியர்வைச் சுரப்பி பாடம் முடிந்தது. இருபதில் முழங்கால் மூட்டு. நான்கு தடவை எப்போது இருபத்தெட்டானது என்று கேட்க எனக்கு மூச்சில்லை.

கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுக் கூடத்துத் தரையில் சரிந்தேன்.

"தாயே, கல்லே இல்லை. பொய். ஒத்துக்கறேன். சோத்தைப் போடு."

அவள் குனிந்து என் நெற்றியை அன்பாகத் துடைத்தாள்.

"சாயங்காலம் ஜீரண மண்டலம் பாடங்க. வெறும் வயிறு எப்படிக் கத்தும்னு பிள்ளைங்க காதால கேக்கணுமாம். அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிட்டுடாதீங்க."