யோனாவும் இரண்டாவது லிஃப்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நலம். முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்குள் இன்னும் வந்து சேரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டாய், "இருக்கேன்" என்றேன், நீ கடைக்குக் கிளம்பிவிட்டாய். விட்டுப்போன மிச்சம்தான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை வேதபாட வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். அங்கே மின்விசிறி நன்றாக ஓடும், பக்கத்தில் ஆளும் இருக்கும். பழைய ஏற்பாட்டில் நடந்ததெல்லாம் புதிய ஏற்பாட்டுக்கு முன்நிழல் என்று போதகர் நடத்துகிறார். ஈசாக்கு விறகு சுமந்து மலையேறினது இயேசு சிலுவை சுமந்ததற்கு. யோனா மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்தது கல்லறையில் மூன்று நாளுக்கு. யாக்கோபு கனவில் கண்ட ஏணி எதற்கு நிழல் என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் வாய் சும்மா இருக்குமா? "லிஃப்டுக்குங்க ஐயா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டு, வானத்தையும் பூமியையும் சேர்க்கிற கிறிஸ்துவுக்கு என்று விளக்கினார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உன் அம்மா போன பிறகு நான் சொல்லி யாரும் சிரித்ததில்லை.

மறுநாளே எங்கள் கட்டிடத்து இரண்டாவது லிஃப்ட், மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் என்னை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மெக்கானிக்கையே லிஃப்ட் விழுங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? அபாய மணியை அடித்து அடித்து விரல் வீங்கினதுதான் மிச்சம், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. முதல் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்ததால் என் லிஃப்ட் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அது நாற்பத்தொரு தடவை ஏறி இறங்கினதை எண்ணினேன். யோனா மூன்று நாள், நான் மூன்று மணி நேரம். அவனுக்காவது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஒருவர் மேலே இருந்தார். எனக்கு மேலே நாலாவது மாடிதான் இருந்தது. கடைசியில் முதல் லிஃப்டில் யாரோ சோபா ஏற்ற, பார்சல்காரர் ஒருவர் என் லிஃப்டின் கதவைத் தட்டினார், வாட்ச்மேனைக் கூப்பிட்டார், லிஃப்ட் எப்படியோ இறங்கியது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "யார் வீட்டுக்கு வந்தீங்க பெரியவரே?" என்றார். நாலு வருஷமாய் நான் இங்கேதான் குடியிருக்கிறேன். வீட்டுக்குப் போய், மேஜைமேல் விட்டுப்போன போனைப் பார்த்தேன். ஒருத்தரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. ஆறு வயதில் உன்னை வேலைக்குக் கூட்டிப்போனேனே, லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டாயே. நான் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே வேலை பார்த்தேன். வெளியே வந்ததும், "நீங்க பேசிட்டே இருந்தீங்கல்ல, அதான் அழலப்பா" என்றாய். அதுதான் முன்நிழல் போலிருக்கிறது. முதல் கதையில் உள்ளே நீ, வெளியே நான். இரண்டாவது கதையில் உள்ளே நான், வெளியே யாருமில்லை. நிழல் இருக்கிறது, நிஜத்தைக் காணோம். போதகரிடம் கேட்கலாமென்றால் அடுத்த வாரப் பாடம் மோசேயின் வெண்கலச் சர்ப்பமாம்.

இதற்காக நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. நான் சௌக்கியம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் போக்கிலும் வரவிலும் கர்த்தர் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: லிஃப்டில் பழுது ஒன்றுமில்லை. நிறுத்தும் சுவிட்சைப் போட்டவன் நான்தான். மணியை அடிக்கவும் இல்லை. யாராவது தேடுகிறார்களா என்று பார்க்கலாமே என்று பத்து நிமிஷத்துக்குத்தான் போட்டேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று மூன்று மணி நேரமாகிவிட்டது. போதகரிடம் இதைச் சொல்லவில்லை. லீவு கிடைத்தால் வாம்மா. கதவுக்கு வெளியே நின்று பேசினால்கூடப் போதும்.