இருபத்தைந்தாயிரம் ஐ.எஸ்.ஓ. கல்யாணம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கடவுளே வந்து வேலை கேட்டாலும், மைக்ரான் அண்ணன் அவரை நாலு பக்கமும் அளந்து, பச்சை அட்டை கட்டிய பிறகுதான் உள்ளே விடுவார். பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் தர ஆய்வாளர். நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒன்றுக்குப் பெயர் மைக்ரான். அதில் நாலைந்து கூடினாலும் குறைந்தாலும் அவர் கையால் சிவப்பு அட்டை விழும், சரக்கு வெளியே போகாது. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர்; பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் கேன்டீனில் இட்லியின் உயரத்தை அளந்துவிட்டு, "நேத்திக்கி விட ரெண்டு மில்லி கம்மி" என்று அமைதியாகச் சொன்னார். மறுநாளிலிருந்து மாஸ்டர் இட்லியைத் தலையணை மாதிரி ஊற்ற ஆரம்பித்தார். அவ்வளவு பயம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினார். கேமரா, லென்ஸ், அதன் மூக்கில் மாட்டும் ஃபில்டர், வெயில் படாமல் மறைக்கும் ஹூட், ஸ்டாண்டு, தூசி ஊதும் ரப்பர் பந்து என்று ஒரு பை நிறையச் சாமான். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, காலிப்பர் என்ற அளவுக் கருவியால் ஒவ்வொன்றாக அளந்தார். "ஃபில்டர்ல அம்பத்தெட்டுன்னு போட்டுக்கீறான். அம்பத்தெட்டேதான் கீது. நல்லவன்." முகம் தெரியாத கம்பெனிக்காரனை அவர் வாயால் நல்லவன் என்று சொன்னதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது.

வீட்டில் காற்றுப் புகாத ஒரே டப்பா அரிசி டப்பா. அதைக் காலி செய்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, கேமராவைக் குடிவைத்தார். அண்ணியார் அரிசியை பக்கெட்டில் கொட்டி வைத்துக்கொண்டார். அடுத்து புதுவாயல் டீக்கடையில் ஸ்டாண்டை விரித்து, அதிலிருந்த நீர்மட்டக் குமிழைப் பார்த்துவிட்டு, "உன் பெஞ்சு கோணலா கீதுபா" என்று கடைக்காரரிடம் சொல்லி, பெஞ்சுக்கடியில் செங்கல் துண்டு வைத்துச் சரி செய்தார். ஒன்றரை மாதமாகியும் ஒரு போட்டோ எடுக்கவில்லை.

"எப்பண்ணா எடுப்பீங்க?"

"மெஷின் வந்து எறங்குனதும் பட்டன அமுக்கிடுவியா நைனா? மொதல்ல மேனுவல்!"

மேனுவலை வரி விடாமல் படித்தார். ஒரே ஒரு அத்தியாயத்தைத் தவிர. அது பிறகு.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம். ஸ்டெல்லாவும் நானும் காதலித்தது அவள் அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாலு பேரோடு முடிப்பதாக ஏற்பாடு. காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து அவள் அம்மா ரகசியமாக போன் செய்தார்கள். "நான் வர முடியாதும்மா, உங்கப்பா உட மாட்டாரு. மூஞ்சி தெளிவா தெரியற மாதிரி ஒரே ஒரு போட்டோ எட்த்து குட்த்தனுப்பு. அத்த பாத்துக்கினு இருக்கேன்." அவர்களிடம் இருந்தது பட்டன் போன். கையில் கொடுக்கிற படம்தான் வேண்டும். ஸ்டெல்லா அன்று முழுக்க அழுதாள்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "பெத்தவங்களுக்குப் போற போட்டோ. நான் எடுக்கறேன்."

கல்யாணத்தன்று அவர் ஆய்வறையின் வழக்கப்படி எல்லார் போனையும் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்; அவர் எடுப்பது மட்டும்தான் படம். பிறகு கேமராவைத் திருகி எனக்குக் காட்டினார். "பாத்தியா, ஐ.எஸ்.ஓ.! நம்ம கேட்ல மாட்டி வெச்சிக்கீற சர்ட்டிபிகேட்டே ஒம்பதாயிரத்தி ஒண்ணுதான். இதுல இருவத்தஞ்சாயிரத்து அறுநூறு வரைக்கும் கீது! இன்னா தரம் பாரு. ஃபுல்லா வெச்சிட்டேன்." நானும் வாயைப் பிளந்தேன். எத்தனையோ ஐ.எஸ்.ஓ. தணிக்கையைப் பார்த்தவர் என்பதால், படிக்காமல் விட்ட அத்தியாயம் அதுதான்.

கேமராவின் குட்டித் திரையில் படங்கள் ஜோராகத்தான் தெரிந்தன. ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. எங்கள் முகமெல்லாம் ரவை தூவியது போல் ஒரே புள்ளி. ஸ்டுடியோக்காரர் கேட்டார்: "இன்னா சார், மணல் லாரி பின்னாடி நின்னுக்கினு எட்த்தீங்களா? ஐ.எஸ்.ஓ.ன்னா வெளிச்சத்துக்கு சார். இருட்டா இருந்தாதான் ஏத்தணும். ஏத்த ஏத்த புள்ளி அடிக்கும்."

மறுநாள் வேலைக்கு வந்தபோது அண்ணன் சட்டைப் பையில் சிவப்பு அட்டை தொங்கியது. காரணம் என்ற இடத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். சிரிக்க நினைத்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

மாலையில் என்னிடம் வந்தார். "ரீவொர்க் பண்ணணும் நைனா. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் அதே துணி, அதே மாதிரி மாலை போட்டுக்கினு உங்க வீட்டு மொட்ட மாடிக்கு வந்துடுங்க. கஸ்டமர் நேர்ல பாத்து ஓகே சொல்லணும். அத்த நான் பாத்துக்கறேன்."

கஸ்டமர் யாரென்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய பைக் வந்து நின்றது. பின்னால் ஸ்டாண்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் அம்மா. அந்தக் கெட்டுப்போன படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, மன்னிப்புக் கேட்டு, "நீங்களே வந்து செக் பண்ணாதான் அனுப்புவேன்" என்று நின்றிருக்கிறார் மனிதர். அப்பா ஞாயிறு ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அம்மா வீடு திரும்பியாக வேண்டும். பஸ்ஸில் போய் இறங்கினால்தான் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்; பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் வம்பு.

அம்மா ஓரமாகவே நின்றார்கள். "நான் சும்மா பாத்துட்டுப் போறேன்பா."

"அப்டி இல்லம்மா. ஃபோகஸ் பாக்கணும். பொண்ணு பக்கத்துல நில்லுங்க. கைய புடிச்சிக்குங்க, அப்பதான் ஆடாது."

அம்மா கையைப் பிடித்தார்கள். அவ்வளவுதான், இரண்டு பேரும் உடைந்து போனார்கள். அண்ணன் கேமராவில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. அம்மா அவள் முகத்தைத் துடைத்தார்கள், மாலையைச் சரி செய்தார்கள், என்னைக் கிட்டே கூப்பிட்டு சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார்கள். நடு நடுவே பஸ் நினைவு வந்து, "ஆச்சா தம்பி?" என்று கேட்பார்கள். "இன்னும் ஃபோகஸ் ஆவலம்மா. அப்டியே இருங்க" என்பார் அண்ணன். இப்படியே அரை மணி நேரம். பஸ்ஸுக்குச் சரியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு முறை பட்டனை அமுக்கினார்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. அம்மாவின் கண்ணில் நின்ற தண்ணீர்கூடத் தெரிந்தது.

ரொம்ப நாள் கழித்து நானும் ஒரு கேமரா வாங்கினேன். பட்டனைப் பாதி அமுக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் அதுவே ஃபோகஸ் ஆகிவிடுகிறது. அண்ணன் மேனுவலின் அந்தப் பக்கத்தை நிச்சயம் படித்திருப்பார். பொய்க் கணக்கு ஒன்றுகூடச் சொல்லத் தெரியாத அந்த மனிதர், எங்களுக்காக அரை மணி நேரம் வெயிலில் நின்று பொய் சொல்லியிருக்கிறார்.