டால்பின் எண்ணிக்கை: 104

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10. படகில் ஏறியவர்கள், ஓட்டுநர் உட்பட 22 பேர். நான் நலமாக இல்லை, வயிறு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. உன் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், முதலில் விஷயம்.

"அப்பா போன்ல கேட்டதையே கேக்கறாரு, வீட்டுச் சாவிய ரெண்டு தடவ தொலச்சுட்டாரு. கூடவே இருந்து பாத்துச் சொல்லுடா. ஞாபகத் தடுமாற்றம்தான்னா நான் வந்து கையோட கூட்டிட்டுப் போயிடறேன்" என்று நீ சொல்லி மூன்று வாரம் ஆகிறது. தொழிற்சாலையில் அளவுமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அப்பாவைச் சோதிக்க என்னிடம் மானி இல்லை. அதனால்தான் கடற்பறவைகளையும் டால்பின்களையும் காட்டி, வந்தவர்களைக் கொண்டே அவற்றை எண்ணவும் வைக்கும் படகுப் பயணத்தில் இரண்டு இடம் பதிவு செய்தேன். எண்ணிக்கை சரியாக வந்தால் தலை சரி. இதுதான் என் திட்டம்.

வழிகாட்டி மேடம் ஆளுக்கொரு எண்ணும் கருவி கொடுத்தார். கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும். எனக்குப் பறவை, அப்பாவுக்கு டால்பின். கரை மறையும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பிறகு ஆலா என்கிற வெள்ளைப் பறவைகள் தலைக்கு மேல் வந்தன, நான் அமுக்கினேன், படகு இடப்பக்கம் சாய்ந்தது, என் வயிறு வலப்பக்கம் சாய்ந்தது, நான் அமுக்கினேன், அதற்குள் யாரோ "டால்பின்!" என்று அலற மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் ஓடியது, ஓட்டுநர் "எல்லாரும் அந்தப் பக்கம் போனா நானும் டால்பினோட நீந்த வேண்டியதுதான்!" என்று கத்தினார், அந்த அருமையான காட்சியை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் என்ஜின் பெட்டிக்குப் பின்னால் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து என் தலையில் கை வைத்தார்.

"இங்கதான் இருக்கியா?"

"வேற எங்க போவேன்?"

சரி என்று போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குச் சரியான கோபம்.

திரும்பும்போது மேடம் கருவிகளை வாங்கிப் பார்த்தார். அவர் எண்ணிய டால்பின்கள் 16. அப்பாவின் கருவியில் 104.

"பெரியவர் அலையையும் சேத்து எண்ணிட்டாரு போல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு எழுத வேண்டிய வாக்கியம் மனத்துக்குள் தயாராகிவிட்டது. நீ அவரை அழைத்துப்போன பிறகு அந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்றும் ஒரு யோசனை வந்தது, அதை நிறுத்திவிட்டேன்.

படகுத்துறையில் அப்பா இறங்கவில்லை. இறங்குபலகையோரமாக நின்றுகொண்டு, கயிறு கட்டக் குதித்த ஓட்டுநர் முதல் இறங்கும் ஒவ்வொருவரையும் பார்த்து வெறும் கட்டைவிரலை அசைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கப்பா, போலாம்."

"நீ எறங்கு. இருபத்தொண்ணு. நான் இருபத்திரெண்டு. ம், போலாம்."

பலகை நடுவிலேயே நின்று கணக்குப் போட்டேன். 104-இல் 16 போனால் 88. அதை 22-ஆல் வகுத்தால் 4. மீதி இல்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துனராக இருந்தவர், தலை எண்ணாமல் ஒருநாளும் விசில் ஊதியதில்லை.

"எத்தன தடவப்பா ஆள் எண்ணுனீங்க?"

"நாலு. பழக்கம்டா, கைல பொத்தான் இருந்துச்சு, அதுவும் சேந்து அமுங்கிருச்சு. மூணாவது தடவ ஒரு ஆள் கொறஞ்சுது. பகீர்னு ஆயிடுச்சு. தேடிப் பாத்தா நீ வாளியோட கெடக்கற."

"டால்பின எண்ணத்தானே கூட்டிட்டு வந்தேன்?"

"அதையும் எண்ணுனேனே, பதினாறு. அது பாட்டுக்கு நீந்திக்கும். உனக்கு நீச்சல் தெரியுமா?"

தெரியாது.

எனவே முடிவு: தடுமாற்றம் இல்லை. இரண்டு எண்ணிக்கைகளை ஒரே கருவியில் போட்டு, இரண்டிலும் ஒன்றுகூடப் பிசகவில்லை. சாவி யாருக்கும் தொலையும். போனில் அவர் கேட்டதையே கேட்பது "எப்பம்மா வர்ற?" என்றுதான். நீ இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் கேட்கிறார்.

நீ நலமா? அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் தம்பி

பி.கு.: என் கருவியில் பறவைகள் 312. மேடத்தின் கணக்கில் 39. "அதே பறவைங்கதான் சார் உங்களச் சுத்திச் சுத்தி வந்துச்சு" என்றார். ஆகவே மேலே எழுதியிருக்கும் சோதனையைச் செய்தவனே சோதனையில் தேறவில்லை. எங்கள் இருவரில் யாரைக் கையோடு கூட்டிப்போக வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொள். நான் இனிச் செய்யப்போவது:

1. வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாவிக்கு ஓர் ஆணி அடிப்பது.

2. படகுக்காரரின் வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது. எப்படி வீடுவரை வந்தது என்று தெரியவில்லை.

3. அடுத்த பயணத்துக்கு மூன்று இடம் பதிவு செய்வது. தேதியை நீ சொல்.

4. நம் வீட்டைவிட்டு எங்கும் போக வேண்டாம் என்று அப்பாவிடம் வாயைத் திறந்து சொல்வது. இன்றைக்கே, சாப்பிட உட்காரும்போது. தள்ளிப்போட்டால் எனக்கு வராது.